டெண்டரில் எழுதாத தரநிலை

சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே கட்டலாம் என்று நம் பேரூராட்சிகள் சொல்லத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில் தளவாய்புரத்தை ஒட்டியிருக்கும் செட்டியார்பட்டிக்கு இது சின்ன விஷயமில்லை. நைட்டித் தையலுக்குப் பேர்போன வட்டாரம் அது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்கள் வரி கட்ட அரை நாள் வேலையை விட வேண்டியதில்லை என்றால் லாபம்தான். அரையாண்டின் தொடக்கத்திலேயே சொத்து வரியைக் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகையும் உண்டு. ஆனால் பார்வையற்ற ஒருவர் தன் வீட்டு வரியைத் தானே கட்ட உட்கார்ந்தால், ஸ்க்ரீன் ரீடர் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுமா? பட்டன்கள் எதற்கானவை என்று சொல்லுமா? கோணலான எழுத்துகளைப் படத்தில் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சாவை அவர் எப்படிக் கடப்பார்? இந்தக் கேள்விகளுக்கு உலகம் 1999-லேயே எழுத்தில் பதில் வைத்துவிட்டது. அந்தப் பதிலை மூன்று முறை புதுப்பித்தும் விட்டது. இந்தியாவில் சட்டம் இருக்கிறது, தேசியத் தரநிலை இருக்கிறது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் பலன் கைக்கு வராததற்குக் காரணம், தரநிலை நுழைய வேண்டிய இடத்தில் இன்னும் நுழையவில்லை என்பதே. இணையதளத்தை விலைகொடுத்து வாங்கும் டெண்டர்தான் அந்த இடம்.

முதலில் தரநிலை என்பது என்ன என்று பார்த்துவிடலாம். வலையின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியின் முதல் பதிப்பை 1999 மே மாதம் வெளியிட்டது. 2.0 பதிப்பு 2008 டிசம்பரிலும், 2.1 பதிப்பு 2018 ஜூனிலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வந்தன. பக்கத்தில் இருப்பது கண்ணாலோ காதாலோ விரலாலோ புலப்பட வேண்டும், மவுஸ் இல்லாமலும் இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியில் திறந்தாலும் வேலை செய்ய வேண்டும். இந்த நான்கு கொள்கைகளையும் சோதித்துப் பார்க்கக்கூடிய விதிகளாக உடைத்திருப்பதுதான் இதன் பலம். 'பார்க்க வசதியாக இருக்கட்டும்' என்று பொத்தாம் பொதுவாக அது சொல்வதில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அளந்து பார்க்கலாம், தேறியதா இல்லையா என்று சொல்லிவிடலாம். விதிகள் ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று படிகளாக இருக்கின்றன. உலக நாடுகளின் சட்டங்கள் பெரும்பாலும் நடுப்படியான ஏஏ-யைக் கேட்கின்றன.

2.2 பதிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒன்பது விதிகளைப் படித்தால், நம் அரசுத் தளங்களோடு மல்லுக்கட்டிய யாரோ எழுதியது போலிருக்கும். ஒரே விண்ணப்பத்தில் ஒருமுறை கொடுத்த தகவலை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது என்கிறது ஒன்று. முகவரியை மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருக்கும் எவருக்கும் இதன் அருமை தெரியும். உள்ளே நுழைவதற்குப் புதிர் போடுவது, எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்வது போன்ற மூளைத் தேர்வு வைத்தால் மாற்று வழியும் தர வேண்டும் என்கிறது இன்னொன்று. தொடும் பட்டன்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் பரப்பில் இருக்க வேண்டும், அல்லது சுற்றிலும் போதிய இடைவெளி விட வேண்டும். விரலால் இழுத்துச் செய்யும் எந்த வேலையையும் வெறும் தொடுதலாலும் முடிக்க வழி வேண்டும். உதவி எண் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கும், நினைவாற்றல் குறைந்தவருக்கும், எழுத்துகளை வரிசைப்படுத்துவதில் சிரமப்படுபவருக்கும் எழுதப்பட்டவை இவை. அணுகல்தன்மை என்றால் பார்வையற்றோருக்கான ஏற்பாடு மட்டும்தான் என்ற பழைய எண்ணத்தை இந்தப் பதிப்பு சத்தமில்லாமல் விலக்கி வைத்துவிட்டது.

இந்தியச் சட்டத்தின் கதை கொஞ்சம் சுற்று வழி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. மின்னணு வடிவிலுள்ள தகவல்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது அதன் 42-வது பிரிவு. 2017 ஜூனில் வந்த விதிகளில் 15-வது விதி, இணையதளங்கள் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டும் என்றது. தளங்களில் ஏற்றும் ஆவணங்கள் ஈபப் வடிவிலோ, எழுத்துணரி வழியாக வாசிக்கத்தக்க பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்றது. அதன்படி பார்த்தால், முத்திரையும் கையெழுத்தும் போட்ட தாளை ஸ்கேன் செய்து படமாக ஏற்றும் வழக்கம் அன்றைக்கே நின்றிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் ஐஎஸ் 17802 என்ற தரநிலையை 2021-லும் 2022-லும் இரு பகுதிகளாக வெளியிட்டது. 2023-ல் அது விதிகளிலும் சேர்ந்தது. பிறகு 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முடிச்சை அவிழ்த்தது. சட்டம் கட்டாயம் என்கிறது; விதியோ பரிந்துரைகளின் பட்டியலை நீட்டுகிறது; ஆகவே 15-வது விதி சட்டத்துக்கே முரணானது, மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதங்களில் வகுக்க வேண்டும் என்றது. அந்த வழக்கு தொடுக்கப்பட்டது 2005-ல்.

ஆறு மாதங்களுக்குள் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அமிலத் தாக்குதலில் கண்களும் முகமும் சிதைந்தவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் செல்பேசி கேமரா முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். இமை இல்லாதவர் எப்படிச் சிமிட்டுவார் என்பதே கேள்வி. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற நீதிபதி ஆர். மகாதேவன், நீதிபதி ஜே.பி. பார்திவாலாவுடன் அமர்ந்து 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அதோடு 20 கட்டளைகளையும் இட்டது. தளங்களையும் செயலிகளையும் தகுதி பெற்ற வல்லுநர்கள் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும், புதிய சேவை வெளிவருவதற்கு முந்தைய சோதனையில் பார்வையற்றவர்களும் பங்கேற்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, தன் கீழுள்ள நிறுவனங்கள் எல்லாம் அணுகல்தன்மைத் தரங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. பிடி இருக்கும் இடத்தில் காரியம் நகரும் என்பதற்கு இது சாட்சி. உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் செபிக்குத் தரகு நிறுவனங்கள் மீது அந்தப் பிடி உண்டு. வரி கட்டும் தளத்தைச் செய்து தரும் ஒப்பந்ததாரர் மீது யாருக்குப் பிடி?

பணம் கொடுப்பவருக்குத்தான். தரநிலைகளின் வரலாறும் அதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1998-ல் திருத்திய மறுவாழ்வுச் சட்டத்தின் 508-வது பிரிவு, மத்திய அரசு வாங்கும் மின்னணுச் சாதனங்களும் மென்பொருள்களும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்றது. அரசு என்ற பெரிய வாடிக்கையாளரை இழக்க விரும்பாத மென்பொருள் நிறுவனங்கள், தம் பொருள் எந்தெந்த விதியில் தேறுகிறது என்று தாமே அட்டவணை போட்டுக் கொடுக்கத் தொடங்கின. ஐரோப்பாவின் ஈஎன் 301 549 என்ற தரநிலை 2014-ல் வந்தபோது அதன் தலைப்பிலேயே 'பொதுக் கொள்முதலுக்கு ஏற்ற' என்ற தொடர் இருந்தது. நம் ஐஎஸ் 17802 அந்த ஐரோப்பியத் தரநிலையை அடியொற்றி எழுதப்பட்டது. ஆக, கொள்முதல் நிபந்தனையாகப் பிறந்த ஒன்றைத் தருவித்துக்கொண்ட நாம், கொள்முதலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். இங்கே மிஞ்சுவது அபராதம். 2016 சட்டத்தின் 89-வது பிரிவின்படி முதல் மீறலுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பெரிய ஒப்பந்தம் ஒன்றில் 10,000 ரூபாய் என்பது டீச் செலவுக் கணக்கில் போய்விடும். பில் நிறுத்தப்படுவது அப்படிப் போகாது.

பிடி இல்லாத இடத்தில் தரநிலை எப்படித் தேய்கிறது என்பதற்கு நாட்டின் பல அரசுத் தளங்களின் உச்சியில் வரிசையாக நிற்கும் சின்னங்களே அடையாளம். எழுத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் பட்டன்கள், பின்னணியைக் கறுப்பாக்கும் ஒரு கட்டம், 'ஸ்க்ரீன் ரீடர் வசதி' என்றொரு இணைப்பு. அந்த இணைப்பைத் தொட்டால், எந்தெந்த ஸ்க்ரீன் ரீடர்களை எங்கே தரவிறக்கலாம் என்ற பட்டியல் வரும். ஸ்க்ரீன் ரீடர் இல்லாமல் பார்வையற்ற ஒருவர் அந்த இணைப்பு வரைக்கும் எப்படி வந்திருப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கும் வேலையைச் செல்பேசியே செய்யும். தளத்தின் பொறுப்பு வேறு: படத்துக்கு மாற்று விவரம் எழுதுவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயரிடுவது, பிழை வந்தால் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று எழுத்தில் சொல்வது, கால அவகாசம் முடியும் முன் நீட்டிக்கக் கேட்பது. இவை முகப்பில் தெரியாத வேலைகள். திறப்பு விழாவில் அதிகாரிக்குக் காட்ட முடியாதவை. டெண்டரில் தனித்தனியாக எழுதிக் கேட்காத வரை இவற்றை யாரும் செய்து தரப்போவதில்லை.

தமிழ்ப் பக்கம் என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதுமில்லை. தரநிலையின் மிக எளிய விதிகளில் ஒன்று, பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்பதை நிரலில் குறிக்க வேண்டும் என்பது. ஒரே வரியில் முடிகிற வேலை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டாலோ, ஆங்கிலப் பக்கத்தை நகலெடுத்துத் தமிழை நிரப்பிவிட்டுக் குறிப்பை மாற்ற மறந்தாலோ, ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலை வைத்துத் தமிழைப் படிக்கப் பார்க்கும்; குதறும், அல்லது பேசாமல் தாண்டிப்போகும். அடுத்தது எழுத்துரு. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் ஏற்று ஆணையிட்டது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் பல அலுவலகங்களை விட்டு இன்னும் போகவில்லை. அந்த எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். அடியில் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் அடித்த 'அம்மா'வை ஸ்க்ரீன் ரீடர் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் படிக்கும். இப்படி ஒரு வரி அறிவிப்பையோ வார்டு சபைத் தீர்மானத்தையோ கேட்பவர் அது எந்த ஊர் விவகாரம் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோடில் அடித்ததாகவே இருந்தாலும் பிடிஎஃப்பாக மாற்றும்போது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து இடம் மாறிவிடுவதுண்டு. பார்க்க ஒழுங்காக இருக்கும், வாசித்தால் உளறும். ஆங்கிலப் பக்கத்தைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் தமிழ்ப் பக்கமும் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான். என்விடிஏ போன்ற இலவச ஸ்க்ரீன் ரீடர் தமிழ் வாசிக்கிறது, ஆண்ட்ராய்டு செல்பேசியின் டாக்பேக் தமிழ் வாசிக்கிறது. கருவிகள் தம் பங்கைச் செய்துவிட்டன.

இதற்கெல்லாம் வழக்கமாக வரும் மறுப்புகள் உண்டு. அவற்றில் மிக வலுவானது, 'ஊருக்கு ஊர் இ-சேவை மையம் இருக்கிறதே, அங்கே போனால் செய்துகொடுப்பார்கள்' என்பது. இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. செல்பேசியே கையாளத் தெரியாத லட்சக்கணக்கானோருக்கு அந்த மையங்கள்தான் அரசு. அவை தொடர வேண்டும். ஆனால் தேர்ந்துகொள்ளும் உதவி வேறு, வேறு வழியே இல்லாமல் போகும் உதவி வேறு. இன்னொருவர் வழியாகச் செய்யும்போது ஆதார் எண், ஓடிபி, வங்கி விவரம், பல சமயம் மருத்துவச் சான்று வரை அந்நியர் கைக்குப் போகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பமே இணையதளம் வழியாகத்தான். தனக்கு என்ன குறைபாடு, எத்தனை விழுக்காடு என்பதைப் பக்கத்தில் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழச் சொல்லித்தான் பதிய வேண்டும் என்ற நிலை மற்றவர்களுக்கு இல்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் அந்தப் பிள்ளையின் நேர்மையை நம்பியே வாழ வேண்டும். வசதியுள்ளவருக்கு ஆன்லைன் சேவை நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பார்வையற்றவருக்கும் கை இயங்காதவருக்கும் அதனால் கிடைக்கக்கூடியது அந்தரங்கம். அதன் மதிப்பை நிமிடக் கணக்கில் அளக்க முடியாது.

'இத்தனை சின்ன ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?' என்ற கேள்வியும் எழும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். அன்றைக்குக் கேட்கப்பட்டவை எட்டே வகைகள். 2016 சட்டம் 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆகவே அந்த எண்ணிக்கை அடிமட்டக் கணக்கு. விருதுநகர் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு துயரமும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வராத ஆண்டே இல்லை எனலாம். இறந்தவர் எண்ணிக்கை மறுநாள் தலைப்பாகிறது. தீக்காயத்தோடு பிழைத்தவர்களைப் பற்றி அதன்பின் செய்தி இல்லை. கையும் முகமும் வெந்தவரிடம் கைரேகைக் கருவியும் முகம் பார்க்கும் செயலியும் மல்லுக்கு நிற்கும். உச்ச நீதிமன்றத்தில் வழக்காக வந்தது ஏதோ வடநாட்டு விவகாரம் என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. தவிரவும், கண்புரை வந்த எழுபது வயதுக்காரரும், மதிய வெயிலில் நின்று செல்பேசித் திரையைக் கையால் மறைத்துப் பார்க்கும் இளைஞரும் கேட்பது அதே 4.5-க்கு 1 விகிதத்தைத்தான்.

செலவு பற்றிய வாதத்துக்கு ஒரு பழைய வழக்கில் பதில் இருக்கிறது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர் 1999-ல் புகார் செய்தார். படங்களுக்கு மாற்று விவரம் எழுதவும் அட்டவணைகளைத் திருத்தவும் 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும் என்றது அமைப்புக் குழு. மனித உரிமை ஆணையம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. குழு இணங்க மறுக்கவே, 20,000 டாலர் இழப்பீடு தரும்படியாயிற்று. கட்டிமுடித்த பிறகு திருத்தினால் செலவு கூடும் என்பது உண்மைதான். மாடிப்படியை இடித்துச் சாய்தளம் வைப்பது போலத்தான் அது. அந்தக் காரணத்தாலேயே தொடக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். மேலும், செட்டியார்பட்டி தனக்கென்று ஒரு தளத்தைத் தனியே செய்துகொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ஏறத்தாழ 490 பேரூராட்சிகளும் பொதுவான மாநில மென்பொருள்களைத்தான் சார்ந்திருக்கின்றன. மாவட்ட இணையதளங்களுக்கு மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்ஐசி ஒரே அச்சில் ஒரு தளத்தைச் செய்து நாடெங்கும் கொடுத்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத் தளமும் அதில்தான் ஓடுகிறது. ஓரிடத்தில் ஒருமுறை சரிசெய்தால் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு அது போய்ச் சேரும். ஓரிடத்தில் தப்பு விட்டாலும் அப்படியே.

பதிப்புகள் மாறிக்கொண்டே இருந்தால் எதைப் பிடித்து ஓடுவது என்று அதிகாரிகள் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிற்காது. 2.0 பதிப்பில் 61 விதிகள், 2.1-ல் 17 சேர்ந்து 78, 2.2-ல் ஒன்பது சேர்ந்து, காலாவதியான ஒன்று நீங்கி 86. பதினைந்து ஆண்டுகளில் நீக்கப்பட்டது ஒரே ஒரு விதி. 2.2-க்கு இணங்கிய தளம் முந்தைய பதிப்புகளுக்கும் இணங்கியதாகிவிடும். நம் மத்திய அரசு வழிகாட்டியின் 2023 பதிப்பு 2.1-ன் ஏஏ படியை ஏற்கிறது. இன்று டெண்டர் எழுதுபவர் 2.2 என்று எழுதினால் சட்டத்தையும் நிறைவேற்றியவராவார், ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவே அவசரத் திருத்தத்துக்கும் ஆளாக மாட்டார். பதிப்பு 3 இன்னும் வரைவுதான். அதற்காகக் காத்திருப்பது சாக்கு.

கேப்சாவை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்னாவது? ஊரார் வீட்டு வரியையெல்லாம் ரகசியமாகக் கட்டிவிட்டு ஓடும் ரோபோவை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வரி எண்களை வரிசையாகப் போட்டு வீட்டு உரிமையாளர்களின் பெயரையும் முகவரியையும் மொத்தமாக உருவ முடியும் என்ற அச்சம் நியாயமானது. அதைத் தடுக்க வேறு வழிகள் உண்டு: ஒரே இடத்திலிருந்து வரும் கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது, பெயரில் பாதியை மறைத்துக் காட்டுவது, பதிவான செல்பேசிக்கு ஓடிபி அனுப்பி அதை ஒட்டவும் அனுமதிப்பது. இவை சர்வர் பக்கம் நடக்கும் காவல். பயனாளி தலையில் சுமை ஏறாது. கோணல் எழுத்துக் கேப்சாவை இன்றைய கணினி நிரல்கள் எளிதாகப் படித்துவிடுகின்றன. படிக்க முடியாமல் நிற்பது மனிதர்கள்தான்.

ஒப்பந்ததாரர்கள் காட்டக்கூடிய ஒரு குறுக்கு வழியைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு ஒரு துணுக்கு நிரலை ஒட்டிவிட்டு, 'இதோ, எல்லா விதிக்கும் இணங்கிவிட்டது' என்பார்கள். செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் தரநிலைக்கு இணங்கச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்த இத்தகைய நிறுவனம் ஒன்று, உண்மைக்குப் புறம்பாகக் கூறியதாக அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கைக்கு ஆளாகி, 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. தானியங்கிச் சோதனைக் கருவிகளுக்கும் எல்லை உண்டு. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் துறை 2017-ல், வேண்டுமென்றே நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு பக்கத்தைச் செய்து, அதைப் பல கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தது. மிகச் சிறந்த கருவிகூடப் பாதியைப் பிடிக்கவில்லை. படத்துக்கு மாற்று விவரம் இருக்கிறதா என்று கருவி சொல்லும். அந்த விவரத்தில் இருப்பது 'படம்1' என்ற பெயர் மட்டும்தானா என்று ஆள்தான் சொல்ல வேண்டும். செல்பேசியிலிருக்கும் செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறதே என்பவர்களுக்கும் இதே பதில். பூவையும் நாய்க்குட்டியையும் ஊகிக்கலாம். வரித் தொகையையும் கெடு தேதியையும் ஊகத்துக்கு விட முடியாது.

ஆகவே செய்ய வேண்டியது குறுகிய வேலை. தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலை 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் ஆள்கிறது. தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் ஐஎஸ் 17802-ஐயும் 2.2-ன் ஏஏ படியையும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவைப்படாது. டெண்டர் ஆவணத்தில் சேர்த்தால் போதும். பேரூராட்சிகளின் இயக்ககமும் நகராட்சி நிர்வாகமும் மின்வாரியமும் அடுத்த பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே தொடங்கலாம். கீழே இருந்து தள்ளுவதற்கும் இப்போது ஆள் உண்டு. 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தத்தின்படி ஒவ்வொரு பேரூராட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராகிறார். செட்டியார்பட்டியிலும் அந்த இருக்கை உண்டு. பொதுத் தளத்தின் டெண்டர் சென்னையில் முடிவானாலும், அதைப் பற்றித் தீர்மானம் போட்டு இயக்ககத்துக்கு அனுப்ப மன்றத்துக்குத் தடையில்லை. தீர்மானத்தில் மூன்று வரி இருந்தால் போதுமானது. தமிழ்ப் பக்கத்தைத் தமிழ் ஸ்க்ரீன் ரீடரில் வைத்து, பார்வையற்றவர் ஒருவரும் கை இயக்கம் குறைந்தவர் ஒருவரும் யார் துணையுமின்றி வரி கட்டி ரசீது எடுக்கும் வரை இறுதித் தவணையை விடுவிக்கக் கூடாது. அந்தச் சோதனைக்கு வருபவர்களுக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். சோதனை அறிக்கையை, ஸ்கேன் செய்யாமல், வாசிக்கக்கூடிய எழுத்தில் அதே தளத்தில் போட வேண்டும்.